நாலு நிமிடக் கதாநாயகி

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்த காவலாளியும் அக்கா என்பார், நேற்று வேலைக்குச் சேர்ந்த பெண்ணும் அக்கா என்பாள். பதினோரு வருஷமாக எட்டாவது, ஒன்பதாவது மாடிகளைப் பெருக்கித் துடைத்துக் கழிவறை கழுவி வந்த அவளுக்குப் பெயர் என்று ஒன்று இருப்பது வருகைப் பதிவு இயந்திரத்துக்கு மட்டும்தான் தெரியும். அதுவும் எழுத்துப் பிழையோடு.

கட்டடம் ஒரு அனிமேஷன் கம்பெனியுடையது. குழந்தைகள் பார்ப்பதற்கென்றே முப்பது வருஷமாகப் படம் எடுத்து வந்தார்கள். யாரோ ஒரு பத்திரிகைக்காரி வேலையற்றுப்போய் அந்தப் படங்கள் அத்தனையையும் வரிசையாக உட்கார்ந்து பார்த்துவிட்டு ஒரு கட்டுரை எழுதினாள். மொத்தம் இருபத்திரண்டு கதாநாயகிகள். இருபத்திரண்டு பேருக்கும் இடுப்பு கழுத்தைவிடச் சிறியது. பெரும்பாலானவர்கள் படத்தில் பாதி நேரம் தூங்குகிறார்கள் அல்லது யாராவது வந்து தூக்கிக்கொண்டு போகட்டும் என்று ஜன்னலில் நிற்கிறார்கள். அக்காவின் இனத்து ஆட்கள் முப்பது வருஷத்தில் ஒன்பதே இடத்தில் வருகிறார்கள். நான்கு திருடர்கள், மூன்று சமையல்காரிகள், ஒரு சூனியக்காரி, ஒரு பேசும் கழுதையின் குரல்.

கட்டுரை வந்த மறுவாரமே கம்பெனி ஒன்பதாவது மாடியில் ‘சமச் சித்திரிப்புத் துறை’யைத் திறந்தது. பதினோரு அதிகாரிகள், ஒரு தலைவி, வாசலில் ஒரு சின்ன நீரூற்று. துறையின் முத்திரை விழாமல் இனி எந்தக் கதாநாயகியும் திரையில் தலைகாட்ட முடியாது.

அக்காவின் இனத்தாரை எப்படிக் குறிப்பிடுவது என்பதுதான் துறை எடுத்துக்கொண்ட முதல் வேலை. அவர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் ஒன்று இருந்தது. அதை வாயால் சொன்னால் சங்கடமாக இருக்கிறது என்று பதினோரு பேரும் ஒருமனதாக ஒதுக்கினார்கள். நான்கு மாத விவாதத்துக்குப் பிறகு ‘இதுவரை சித்திரிக்கப்படாதோர்’ என்று முடிவாயிற்று. சொல்வதற்குள் மூச்சு வாங்கியதால் இ.சி. என்று சுருக்கிக்கொண்டார்கள்.

அடுத்த படத்தின் கதாநாயகி ஓர் இ.சி. பெண் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. பதினோரு பேரில் ஒருவர்கூட இ.சி. ஒருத்தியோடு பேசியதில்லை.

ஒருநாள் காலை தலைவி லிஃப்டிலிருந்து இறங்கும்போது அக்கா நடைவழியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலைவி ஓரடி வைத்தவர் நின்றார்.

“நகராதீங்க.”

அக்கா மாப்பைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். “ஈரம்தான் மேடம். ரெண்டு நிமிஷத்துல காஞ்சிடும்.”

“அப்படியே நில்லுங்க. முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்புங்க.” தலைவி தலையைச் சாய்த்துப் பார்த்தார். துறை திறந்த நாளிலிருந்து தினமும் அவர் கடந்துபோன முகம் அது. “நீங்க இ.சி.தானே?”

“ஈசிதான் மேடம். இந்த மாடி ஈசி. எட்டாவது மாடிதான் கஷ்டம். அங்க எல்லாரும் காபியைக் கொட்டி வச்சிடுவாங்க.”

தலைவியின் கண்கள் கலங்கிவிட்டன. “எவ்வளவு எளிமை!” என்றார், யாரிடம் என்றில்லாமல்.

அன்று மதியமே அக்காவை மேலே கூப்பிட்டார்கள். “என்னத்த உடைச்சுத் தொலைச்ச?” என்று கேட்டுக்கொண்டே சூப்பர்வைசர் கூட வந்தார். ஒன்பதாவது மாடியில் அவள் தினம் துடைக்கும் நாற்காலி ஒன்றில் அவளை உட்காரச் சொன்னார்கள். அவள் ஓரத்தில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்தாள். பதினான்கு பக்கத்தில் ஒரு படிவம் வந்தது. அவளுடைய முகம், உடம்பு, நடை, சிரிப்பு, இனி வரப்போகும் பாவனைகள் எல்லாவற்றையும் கம்பெனி எடுத்து வரைந்துகொள்ளலாம்; பதிலுக்குக் கதாநாயகியின் ‘உந்துதல்’ என்ற பட்டமும் படம் வெளியாகும் நாளில் இரண்டு டிக்கெட்டும் உண்டு.

“சரிங்க மேடம்,” என்று அக்கா கையெழுத்துப் போட்டாள்.

வீட்டில் அவள் புருஷனுக்கு நம்பிக்கை வரவில்லை. டயர் கடையில் வேலை பார்ப்பவன். எதையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தால்தான் அவனுக்குத் திருப்தி. “உன்னையா? கதாநாயகியாவா? கண்ணாடி போடாதவங்களா அங்க?” என்று சிரித்தான். ஏழு வயது மகள் பாப்பா மட்டும் எழுந்து நின்றுவிட்டாள்.

“நீ இளவரசியாம்மா?”

“அப்படித்தான் சொல்றாங்க.”

“அப்ப நான் யாரு?”

“இளவரசியோட பொண்ணு. போய் மூஞ்சி கழுவு.”

அக்காவை வரைவதற்கு ஓர் இளம்பெண் வந்தாள். எப்போதும் கொண்டையில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பதால் அவளுக்கு அங்கே பென்சில் என்றே பெயர். அவள் அக்காவை நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. “உங்க வேலையைப் பாருங்க அக்கா, நான் பின்னாடியே வரேன்,” என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் நிழல்போல ஒட்டிக்கொண்டாள். அக்கா குனிவதை, நிமிர்வதை, ஈரக் கையை இடுப்பில் துடைப்பதை, படியில் விழுந்து எலும்பு சரியாகக் கூடாத இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பதை, முன்பல் இடைவெளி தெரிய “ஹா, ஹா, ஹா” என்று சிரித்துக் கடைசியில் மூக்கால் ஒரு சத்தம் விடுவதை, எல்லாவற்றையும் வரைந்தாள்.

நான்காம் வாரம் பென்சில் படங்களைக் காட்டியபோது அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவன்கூட அவளை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. காகிதத்தில் இருந்தவள் கறுப்பாக, அகலமாக, வயிறும் தொடையுமாக, யாருக்கும் பயப்படாதவளாக நின்றாள்.

“நான் இப்படியா இருக்கேன்?”

“இப்படித்தான் இருக்கீங்க.”

“ஒண்ணு தருவியா? என் பொண்ணுக்குக் காட்டணும்.”

“ரகசியக் காப்பு இருக்குக்கா. படத்துலதான் பாக்க முடியும்.” பென்சிலின் முகம் வாடிவிட்டது. “உங்க பொண்ணு படத்துல நிச்சயம் பார்ப்பா.”

அந்தப் படங்கள் துறையின் முதல் கூட்டத்துக்குப் போயின. உந்துதல் என்ற முறையில் அக்காவும் கூட்டத்துக்கு வரவேண்டும் என்று விதி இருந்ததால், கையுறையைக் கழற்றிவிட்டு ஓரமாக வந்து உட்கார்ந்தாள். அன்றைய பொருள் உடம்பு.

டைரக்டர் எழுந்து பேசினார். மெலிந்த, துயரமான மனிதர்.

“எனக்கு இந்த உடம்பு பிடிச்சிருக்கு. அதை முதல்லயே சொல்லிடறேன். நான் வளர்ந்த விதம் அப்படி. எங்க வீட்டுச் சமையல்காரம்மாவை நான் அம்மான்னுதான் கூப்பிடுவேன். ஆனா இந்த வயிறு ஒரு கருத்தைச் சொல்லுது. குழந்தைங்க கருத்தைப் பாக்க வர்றதில்ல. இடுப்பு கொஞ்சம் மௌனமா இருந்தா நல்லது.”

மௌனம் எத்தனை அங்குலம் என்று ஓட்டெடுப்பு நடந்தது. இடுப்பு மௌனமான பிறகு தோள் அதிகமாகப் பேசியது. தோளை அடக்கியதும் மூக்கு கத்த ஆரம்பித்தது. கண்ணை மட்டும் பெரிதாக்கினார்கள், மணிக்கட்டைவிட அகலமாக. முப்பத்தெட்டு வயதைப் பதினேழாக்கினார்கள். முன்பல் இடைவெளியை மூடுவதற்கு எதிராகப் பென்சில் மட்டும் கை தூக்கினாள்.

மாலையில் திரையில் ஒரு பெண்ணைக் காட்டினார்கள். அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இது யாருங்க சார்?”

“நீங்கதான் அக்கா,” என்றார் டைரக்டர், நெஞ்சில் கை வைத்து. “உடம்பு வெறும் உறை. இதுக்குள்ள இருக்குறது உங்க ஆன்மா.”

அக்கா தன் ஆன்மாவை இன்னொரு தடவை பார்த்தாள். அதற்குப் பசித்த மாதிரி இருந்தது.

இரண்டாவது கூட்டத்தின் பொருள் நிறம். மேசைமேல் நாற்பத்தாறு அட்டைகளைப் பரப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்: ‘ஈர மண்’, ‘பழைய செம்பு’, ‘மாலை வெயில் பட்ட தேன்’. கறுப்பு என்ற சொல் துறையில் தடை செய்யப்பட்டிருந்தது. கடைசி அட்டைக்கு மட்டும் பெயரே இல்லை; அதைச் சுட்டிக்காட்ட நேரும்போது அதிகாரிகள் விரலை மட்டும் நீட்டினார்கள். பென்சிலின் படங்களில் இருந்த நிறம் அதுதான்.

மூன்று மணி நேரத்தில் ‘மாலை வெயில் பட்ட தேன்’ ஜெயித்தது. உண்மைத்தன்மைக்காக அட்டையை அக்காவின் கைமேல் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. வைத்துப் பார்த்தார்கள். ஒத்துப்போகவில்லை.

“அறை வெளிச்சம் தப்பா இருக்கு,” என்றார் தலைவி.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பல்பை மாற்றினார்கள். ஒத்துப்போகவில்லை. இரண்டாவது பல்பு, அதுவும் இல்லை. நான்காவதாக, ஆபரேஷன் அறைகளில் போடும் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து கைக்கு ஒரு சாண் மேலே பிடித்தார்கள். அக்காவின் முழங்கை சுட்டது. தோல் வெளிறித் தேன் நிறத்துக்கு வந்தது.

“இப்ப சரியா வருது பாருங்க!” அதிகாரிகள் கை தட்டினார்கள். “இதுதான் உங்க அசல் நிறம் அக்கா. இத்தனை நாள் உங்களுக்கு நல்ல வெளிச்சம் கிடைக்கல. அதுதான் அநீதி.”

“சரிங்க மேடம்,” என்றாள் அக்கா. வீட்டுக்குப் போனதும் முழங்கையில் எண்ணெய் தடவிக்கொண்டாள்.

மூன்றாவது கூட்டம் துயரம் பற்றியது. இ.சி. பெண்ணுக்கு ஒரு துயரம் வேண்டும் என்று திட்டக் குறிப்பில் இருந்தது. அதிகாரி ஒருவர் மென்மையாக ஆரம்பித்தார்.

“உங்க வீட்டுக்காரர் எப்படி?”

“நல்லா இருக்காருங்க.”

“அடிப்பாரா?”

“எதுக்கு?”

“சும்மா கேட்டோம். குடிப்பாரா?”

“டீ குடிப்பாரு. ஒரு நாளைக்கு ஆறேழு தடவை.”

அறையில் ஓர் ஏமாற்றம் பரவியது. அதிகாரி குறிப்பேட்டில் எதையோ எழுதி அடித்தார். “நீங்க கொஞ்சம் மனம் திறந்து பேசணும் அக்கா. நீங்க உங்கள மாதிரியே பேச மாட்டேங்கறீங்க. உங்க ஆளுங்க பேச்சுல ஒரு வலி இருக்குமே? நாங்க படிச்சிருக்கோம்.”

ஒன்பதாவது மாடிக் கழிவறையில் தண்ணீர் ஒழுங்காக வராததைப் பற்றிச் சொல்லலாமா என்று அக்கா யோசித்தாள். அதற்குள் தலைவியே வழி கண்டுபிடித்துவிட்டார். “உங்க வீட்டுக்காரரைப் படத்துல இறந்துட்டதா வச்சுக்கலாம். ஆனா உங்க சம்மதம் இல்லாம செய்ய மாட்டோம். சம்மதம்தான் எங்க துறையோட உயிர்.”

இன்னொரு படிவம். அக்கா கையெழுத்துப் போட்டாள்.

“என்னைக் கொன்னுட்டு வந்து நிக்கிற,” என்றான் புருஷன் அன்று மாலை, சட்டையில் டயர்க் கறையோடு.

“வெறும் கதைக்குத்தான்.”

“எப்படிச் செத்தேன்னாவது சொன்னாங்களா?”

“அது அடுத்த கூட்டத்துலயாம்.”

அவன் சிரித்தான். பாப்பா சிரிக்கவில்லை. அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

அரைகுறையாக முடிந்த படத்தைச் சில குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். கதாநாயகி பரவாயில்லை என்றார்கள். அவள் வளர்க்கும் நீர்நாய்தான் எல்லோருக்கும் பிடித்திருந்தது. பெற்றோர்களில் பத்துக்கு ஏழு பேர், ‘அந்தப் பெண்ணைக் குறைத்து நீர்நாயைக் கூட்டலாம்’ என்று எழுதியிருந்தார்கள். துறை இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசித்தது. மூன்றாம் நாள் தலைவி அக்காவைக் கூப்பிட்டுத் தன் கையாலேயே காபி கொடுத்தார்.

“ஒரு நல்ல செய்தி அக்கா. கதாநாயகிக்கு நாலாவது நிமிஷத்துல ஒரு சாபம் விழுது. நீர்நாயா மாறிடறா.”

“நாயாவா?”

“நாய் இல்ல அக்கா, நீர்நாய். ரொம்பப் புத்திசாலி. பளபளன்னு இருக்கும்.”

“எவ்வளவு நேரம் மேடம்?”

“படம் முடியுற வரைக்கும். கடைசியில சூரிய வெளிச்சம் பட்டு மறுபடியும் பொண்ணா ஆயிடுவா.” தலைவியின் குரல் தாழ்ந்தது. “நான் இதை ரொம்ப யோசிச்சேன். மனுஷங்களுக்குள்ளதான் இனம், நிறம், ஆண், பெண்ணுன்னு இத்தனை சண்டை. விலங்குக்கு அது எதுவும் கிடையாது. உங்கள விலங்கா காட்டும்போதுதான் உங்களுக்கு முழுச் சமத்துவம் கிடைக்குது. இதை எங்களால மனுஷங்கள வச்சுச் சாதிக்க முடியல. ஒத்துக்கறேன்.”

அக்கா காபியைக் குடித்து முடித்தாள். பிறகு பழக்கதோஷத்தில் இருவருடைய கோப்பையையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள்.

இப்படியாகப் பதினான்கு மாதம் கதாநாயகியைத் திருத்துவதிலேயே கழிந்தது. வெளியீட்டுத் தேதி நெருங்கியபோது கம்பெனிக்கு விளம்பரப் பித்துப் பிடித்துக்கொண்டது. பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வர ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருவன் லிஃப்ட் வாசலில் அக்காவை மாப்போடு பார்த்து, “இவங்கதானே அந்த உந்துதல்?” என்று படம் பிடித்துவிட்டான். மறுநாள் துறையில் அவசரக் கூட்டம். அதற்கு மறுநாள் அக்காவுக்கு ஒரு கடிதம். அவளுக்குப் படிக்கச் சிரமம் என்பதால் தலைவியே வாசித்தார்.

“‘சமத்துவத்தின் முகமாக விளங்கும் தங்கள் கையில் துடைப்பம் இருப்பது தங்கள் கண்ணியத்துக்கு இழுக்கு என்று துறை கருதுகிறது. எனவே தங்கள் கண்ணியத்தைக் காக்கும் பொருட்டு, நாளை முதல் தங்களுக்கு இக்கட்டடத்தில் வேலை இல்லை.’”

அக்கா இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டாள். “அப்ப வேற வேலை ஏதாவது தருவீங்களா மேடம்? துடைப்பம் இல்லாத வேலை?”

“உங்களுக்கு வேற எந்த வேலைக்கும் தகுதி இல்லையே அக்கா. இல்லாத தகுதியை இருக்குன்னு சொன்னா உங்கள ஏமாத்துன மாதிரி. அதுவும் கண்ணியக் குறைவுதான்.” தலைவி எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டார். “உங்ககிட்டேர்ந்து நாங்க நிறைய கத்துக்கிட்டோம்.”

சூப்பர்வைசர் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். மறுநாள் அதே இனத்தைச் சேர்ந்த வேறொருத்தி மாப்போடு வந்து சேர்ந்தாள். அவள் இன்னும் யாருக்கும் உந்துதல் ஆகாததால் அவளுக்குக் கண்ணியப் பிரச்சினை எதுவும் எழவில்லை.

பதினோரு வருஷ வேலை அத்தோடு போயிற்று. அக்கா ஏழெட்டு இடம் ஏறி இறங்கி, கடைசியில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். கொதிநீரில் விரல் நுனிகள் வெந்து உரிந்தன. பாப்பாவுக்கு மட்டும் அது எதுவும் கணக்கில் இல்லை. பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். டீச்சரிடம் சொல்லிவிட்டாள். ஒருத்தியும் நம்பாததால், படம் வந்த பிறகு வந்து என்னிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொல்லிவிட்டாள்.

இரண்டு டிக்கெட்டும் வந்தன. ஒரு மதியக் காட்சி. அக்கா இருப்பதில் நல்ல துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு பாப்பாவோடு போனாள். தியேட்டர் முகப்பில் நீர்நாய்ப் பொம்மைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. பாப்பா மூன்று சுற்று சுற்றி வந்து விற்பவளிடம் கேட்டாள்.

“இளவரசி பொம்மை எங்க?”

“அது வரல பாப்பா. நாலு நிமிஷத்துக்கெல்லாம் பொம்மை போட மாட்டாங்க.”

உள்ளே விளக்கணைந்தது. ஆற்றங்கரையில் தேன் நிறத்தில் ஒரு பெண் பாடிக்கொண்டு வந்தாள். இடுப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. பாப்பா அம்மாவின் காதோரம் சாய்ந்தாள்.

“நீ எப்பம்மா வருவ?”

“இதுதான்டி நான்.”

“பொய் சொல்லாத.”

சாபம் விழுந்து நீர்நாய் வந்தது. அரங்கம் கொண்டாடியது. பாப்பா கையைக் கட்டிக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருந்தாள்.

அரை மணி நேரம் கழித்துத் திரை இருண்டது. குகைக்குள்ளிருந்து ஒரு கால் இழுபடும் சத்தம் கேட்டது. சூனியக்காரி வெளியே வந்தாள். கறுப்பாக, அகலமாக, வயிறும் தொடையுமாக. ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டாள். இடது காலை இழுத்து இழுத்து முன்னால் வந்து, முன்பல் இடைவெளி தெரிய “ஹா, ஹா, ஹா” என்று சிரித்துக் கடைசியில் மூக்கால் ஒரு சத்தம் விட்டாள். அரங்கத்திலிருந்த குழந்தைகள் பயந்து சுருண்டார்கள்.

பாப்பா நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டாள். “அம்மா! நீ வந்துட்ட! அதுதான் எங்கம்மா! எல்லாரும் பாருங்க, அதுதான் எங்கம்மா!”

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. திரையைப் பார்த்தார்கள், அக்காவைப் பார்த்தார்கள், மறுபடியும் திரையைப் பார்த்தார்கள். முன் வரிசையில் ஒரு சின்னக் குழந்தை அக்காவைப் பார்த்து வீறிட்டு அழுது தன் அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

இது எப்படி நடந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. கதாநாயகிக்கே பதினான்கு மாதமும் போய்விட, வில்லிக்கு மூன்று வாரம்தான் மிச்சமிருந்தது. நிராகரித்த படங்கள் ஒரு கோப்பில் சும்மாதானே கிடக்கின்றன என்று டைரக்டருக்கு ஞாபகம் வந்தது. துறையின் முத்திரை கதாநாயகிகளுக்கு மட்டும்தான். வில்லி துறையின் வரம்புக்குள் வரமாட்டாள். பென்சில் மூன்று நாள் மறுத்தாள். நான்காம் நாள் வரைந்தாள். அவள் நன்றாக வரைபவள்.

அக்கா பாப்பாவை இழுத்து உட்கார வைத்தாள். எழுந்து போய்விடலாம் என்று கை பிடித்தாள். பாப்பா நகரவில்லை. “நீ வர்றப்ப எப்படிப் போறது?” என்றாள்.

அதனால் கடைசிவரை பார்த்தார்கள். நீர்நாயும் இளவரசனும் சேர்ந்து சூனியக்காரியை மலை உச்சியிலிருந்து தள்ளிவிட்டார்கள். அவள் விழுந்துகொண்டே இருந்தாள். அந்த விழுதலை மெதுவாகக் காட்டினார்கள். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது. குழந்தைகள் நாற்காலிமேல் குதித்தார்கள். பிறகு சூரியன் வந்தது, நீர்நாய் பெண்ணானாள். அந்த வெளிச்சத்தில் அவளிடம் இருந்த கொஞ்சத் தேனும் கரைந்துபோயிருந்தது. பாப்பா அதைப் பார்க்கவில்லை. விழுந்தவள் எழுந்து வருவாளா என்று திரையின் அடிப்பகுதியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“செத்துட்டியாம்மா?”

“இங்கதானடி இருக்கேன்.”

“எல்லாரும் கை தட்டுனாங்க.”

வெளி வாசலில் துறையின் அதிகாரி ஒருவர் கையில் டேப்லட்டோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தலைவி, டைரக்டர், கேமராக்காரர்கள். இ.சி. குழந்தை ஒன்று வெளியே வருவதைக் கண்டதும் அதிகாரி ஓடி வந்து மண்டியிட்டார்.

“பாப்பா, இந்தப் படத்துல உன்னை மாதிரி, உங்க வீட்டுல இருக்குறவங்க மாதிரி யாரையாவது பாத்தியா?”

“பாத்தேன்.”

“யாரைக் கண்ணு?”

“எங்கம்மாவை.”

அதிகாரி வாயைப் பொத்திக்கொண்டார். தலைவியின் கண்கள் பொங்கிவிட்டன. “முப்பது வருஷம்,” என்றார் கேமராவைப் பார்த்து. “இந்த ஒரு பதிலுக்குத்தான் முப்பது வருஷம் காத்திருந்தோம்.” டேப்லட்டில் ‘ஆம்’ என்ற கட்டத்தில் விரல் விழுந்தது.

“அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு சொல்லட்டுமா?” என்றாள் பாப்பா.

“அந்தக் கேள்வி இதுல இல்ல கண்ணு.”

அக்கா முன்னால் வந்தாள். “மேடம், அதை அழிச்சிடுங்க.”

“எதை அக்கா?”

“அவ சொன்னதை.”

தலைவி அவள் தோளில் கை வைத்தார். “அழிக்க முடியாது அக்கா. அது ஒரு குழந்தையோட குரல். குழந்தையோட குரலை அழிக்கிறது எங்க கொள்கைக்கே விரோதம்.” டைரக்டரும் வந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவள் விரல்கள் உரிந்திருப்பதைப் பார்த்து மெல்ல விட்டுவிட்டார். அன்று மாலை வந்த செய்தியில், கேட்கப்பட்ட இ.சி. குழந்தைகளில் நூற்றுக்கு நூறு பேர் திரையில் தங்களைக் கண்டுகொண்டார்கள் என்று இருந்தது. கேட்கப்பட்டது ஒரே குழந்தை என்பது அதில் இல்லை.

பஸ் நிறுத்தத்தில் கூட்டம் இல்லை. நாளைக்குப் பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். யாரும் வந்து மன்னிப்புக் கேட்கப்போவதில்லை என்பது அதற்குள் அவளுக்குப் புரிந்திருந்தது.

“உன்னை யாரும்மா கெட்டவளா ஆக்குனது?”

அக்கா யோசித்துப் பார்த்தாள். நாற்காலி போட்டு உட்கார வைத்த முகங்கள், காபி கொடுத்த கை, கட்டிக்கொண்ட தோள். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை தடித்துப் பேசியதாக ஞாபகம் இல்லை.

“தெரியலடி. எல்லாரும் என்கிட்ட மரியாதையாத்தான் பேசினாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“சரின்னு சொன்னேன்.”

பஸ் வந்து நின்றது. பாப்பா அம்மாவின் கையைப் பிடித்து முன்னால் ஏறினாள்.

“இனிமே சொல்லாத,” என்றாள்.